காலம் கடந்துபோவதைப் பாடும் சேர்ந்திசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலத்தைப் பாடும் சேர்ந்திசை என்று எதைக் குறிப்பிடுகிறோம்?

பலர் ஒன்றுகூடி, பெரும்பாலும் உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல்வரை சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்னும் நான்கு குரல் பிரிவுகளாக நின்று பாடும் இசையைச் சேர்ந்திசை என்கிறோம். பருவங்கள் மாறுவது, இரவு விடிவது, இளமை முதுமையாவது, உடல் நிலையாமல் போவது ஆகியவற்றைக் கருவாகக் கொண்ட படைப்புகள் இந்த இசையில் ஏராளமாக உள்ளன. இங்கே பேசப்படுபவை ஐரோப்பிய, அமெரிக்க மரபில் குறியீடுகளாக எழுதிவைக்கப்பட்ட படைப்புகள் மட்டுமே. பாடல்வரிகள் காலத்தைப் பற்றிப் பேசுவதோடு நின்றுவிடும் படைப்புகளும் உண்டு, குரல்கள் அமைக்கப்பட்ட விதமே கேட்பவருக்குக் காலத்தை உணரச்செய்யும் படைப்புகளும் உண்டு. இரண்டாவது வகையே மேலானது என்பது என் கருத்து, கீழே வரும் பதில்கள் அந்தச் சாய்வோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன.

தனிக்குரலைவிடப் பாடகர் குழு இதற்கு ஏன் பொருத்தமாக இருக்கிறது?

முதற் காரணம் மூச்சு. தனிப்பாடகர் எவ்வளவு தேர்ச்சி பெற்றவரானாலும் ஒரு சுரத்தை அவருடைய மூச்சு தீரும்வரைதான் பிடித்திருக்க முடியும். குழுவிலோ ஒருவர் மூச்செடுக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பாடிக்கொண்டிருப்பதால், சுரம் எங்கும் அறுபடாமல் நிமிடக்கணக்கில் நீளும். பாடுகிறவர் ஒவ்வொருவரும் இடையிடையே நின்றுபோக, பாட்டு மட்டும் நிற்காமல் தொடர்கிறது. தலைமுறைகள் மாறியும் தொடர்கின்ற ஒன்றைப் பற்றிப் பாடும்போது இந்த அமைப்பு தானாகவே பொருள் கொள்கிறது.

இரண்டாவது காரணம், குழுவின் வெவ்வேறு பிரிவுகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு காலங்களில் இருக்க முடியும் என்பது. ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக் தம் இருபதுகளின் தொடக்கத்தில், 1707-ஐ ஒட்டி எழுதியதாகக் கருதப்படும் 106-ஆம் எண் கன்டாட்டாவை (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த பல பகுதிப் படைப்பை) இதற்குச் சான்றாகக் காட்டலாம். இறைவனின் காலமே எல்லாக் காலங்களிலும் சிறந்தது என்று தொடங்கும் அந்த இரங்கல் இசையின் நடுவில், கீழ்க்குரல்கள் மூன்றும் மனிதன் சாகவேண்டும் என்னும் பழைய விதியை ஒன்றையொன்று துரத்தியபடி பாடிக்கொண்டிருக்க, அவற்றின் மேலே சோப்ரானோ மட்டும் வருக என்று இறைவனை அழைக்கிறது. சிறிது நேரத்தில் கீழ்க்குரல்கள் ஓய்கின்றன, வாத்தியங்களும் விலகுகின்றன, துணையற்ற ஒற்றைக் குரல் பாடி முடித்ததும் முழு அமைதியை பாக் தாளக்கணக்கோடு எழுதிவைத்திருக்கிறார். பழைய ஏற்பாட்டின் காலமும் புதிய ஏற்பாட்டின் காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும் இந்த இடத்தை ஒரு தனிப்பாடகரால் தர இயலாது.

புதிதாகக் கேட்பவர் எந்தப் படைப்பிலிருந்து தொடங்கலாம்?

யோகான்னஸ் பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியம் என்னும் இரங்கல் இசையில் உள்ள இரண்டாவது பகுதியிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். 1868-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று பிரெமென் பேராலயத்தில் ஆறு பகுதிகளாகப் பாடப்பட்டு, பின்னர் ஒரு பகுதி சேர்க்கப்பட்டு, 1869-இல் லைப்சிக் நகரில் ஏழு பகுதிகளாக முழுமை பெற்ற படைப்பு இது. மரபான லத்தீன் வழிபாட்டு வரிகளை விடுத்து, லூதரின் ஜெர்மன் விவிலியத்திலிருந்து பிராம்ஸ் தாமே வரிகளைத் தேர்ந்தெடுத்தார். 1865-இல் அவருடைய தாயார் இறந்தது இதற்குத் தூண்டுதல்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இரண்டாவது பகுதி, உடலெல்லாம் புல்லைப் போன்றது, புல் உலர்ந்து பூவும் உதிர்ந்துவிடுகிறது என்னும் வரிகளைப் பாடுகிறது. நடை சவ ஊர்வலத்தின் நடையாக இருந்தாலும் தாளம் மூன்றெண்ணிக்கையில் அமைந்திருக்கிறது. இரண்டு கால்களால் மூன்றெண்ணிக்கையில் நடக்க முயன்றால், அழுத்தமான எண்ணிக்கை ஒருமுறை வலக்காலிலும் மறுமுறை இடக்காலிலும் விழும். அதனால்தான் இந்த ஊர்வலம் நேராகச் செல்லாமல் தள்ளாடிச் செல்வதைப் போல ஒலிக்கிறது. அடியில் டிம்பனி முரசு ஒரே தட்டலை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, குழு முதலில் தாழ்ந்த ஒலியில், வெவ்வேறு சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஹார்மனி ஏதுமின்றி ஒரே மெட்டில் பாடுகிறது. பிறகு முரசு மெல்ல மெல்லப் பெருகி, அதே மெட்டு முழு ஓசையோடு திரும்பும்போது, கேட்பவர் உடலில் ஓர் அதிர்ச்சி ஏற்படாமல் இருக்காது.

ஆனால் இந்தப் பகுதியின் உண்மையான நுட்பம் அதன் நடுவில் இருக்கிறது என்பேன். அங்கே முரசு நின்றுவிட, விளைச்சலுக்காகப் பொறுமையோடு காத்திருந்து முன்மழையையும் பின்மழையையும் பெறும் உழவரைப் பற்றி இலகுவான மெட்டில் குழு பாடுகிறது. அழிக்கும் காலமும் விளைவிக்கும் காலமும் ஒன்றே என்று சொல்லாமல் சொல்லிவிட்டு, பிராம்ஸ் மறுபடியும் ஊர்வலத்துக்குத் திரும்புகிறார். இம்முறை மெட்டில் எந்த மாற்றமும் இல்லாதபோதும், உழவரின் காத்திருப்பைக் கேட்டுவிட்ட செவிக்கு அது பழைய மெட்டாக ஒலிப்பதில்லை.

மூன்றாவது பகுதியின் இறுதியில், பாஸ் வாத்தியங்களும் டிம்பனியும் ஒரே சுரத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை பிடித்திருக்க, அதன்மேல் குரல்கள் பின்னிப்பின்னி ஓடுகின்றன. 1867 டிசம்பரில் வியன்னாவில் முதல் மூன்று பகுதிகள் மட்டும் இசைக்கப்பட்டபோது, டிம்பனி அளவுக்கு மீறி ஒலித்ததால் குரல்கள் அமுங்கிப்போய், நிகழ்ச்சியே கெட்டது. நிலைத்திருப்பதைக் குறிக்கும் ஒலி கடந்துபோவதன் ஒலியை விழுங்கிவிடக் கூடாது என்பது இன்றும் இதை நடத்துவோருக்குப் பெரிய சவால்தான்.

பருவங்களைப் பாடும் படைப்புகள் எல்லாம் இந்த வகையில் சேருமா?

எல்லாம் சேராது. பறவையொலி, இடி, அறுவடை ஆரவாரம் என்று காட்சிகளை அடுக்கும் படைப்புகள் இனிமையாக இருந்தாலும், நான்கு தனித்தனி ஓவியங்களைப் பார்த்த நிறைவைத்தான் தருகின்றன. ஒரு பருவம் போனதால்தான் மற்றொன்று வந்தது என்ற உணர்வு அவற்றில் ஏற்படுவதில்லை.

யோசப் ஹைடனின் பருவங்கள் என்னும் ஓரட்டோரியோ (தனிப்பாடகர்களும் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து, நடிப்பின்றி ஒரு கருவைப் பாடும் நெடும்படைப்பு), ஏராளமான காட்சிகள் இருந்தும், இந்தக் குறையிலிருந்து தப்பிவிடுகிறது. ஜேம்ஸ் தாம்சனின் ஆங்கிலக் கவிதையைத் தழுவி காட்ஃப்ரீட் வான் ஸ்வீட்டன் எழுதிய வரிகளுக்கு இசையமைத்து, 1801-இல் வியன்னாவில் அது அரங்கேறியபோது ஹைடனுக்கு வயது 69. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் இந்தப் படைப்பின் குளிர்காலப் பகுதி அடர்ந்த மூடுபனியை வரையும் வாத்திய இசையோடு தொடங்குகிறது. முடிவை நெருங்கும்போது சீமோன் என்னும் உழவர், மனிதா, உன் வாழ்வின் படத்தை இங்கே பார், உன் வசந்தமும் கோடையும் போய்விட்டன, இலையுதிர்காலமும் வாடிவிட்டது என்ற பொருளில் பாடுகிறார். அதுவரை வெளியே இருந்த பருவங்கள் அந்த ஒரு பாடலில் உள்ளே வந்துவிடுகின்றன. முழுப் படைப்பையும் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் குளிர்காலப் பகுதியையாவது கேட்கவேண்டும்.

எஸ்தோனிய இசையமைப்பாளர் வேல்யோ தோர்மிஸ் 1960-களில் பெண்கள் குழுவுக்காக எழுதிய இயற்கைக் காட்சிகள் என்னும் நான்கு தொகுதிகள் இதற்கு நேர்மாறானவை. ஒவ்வொரு பாடலும் மிகச் சிறியது, மெட்டு பழகத் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். இலையுதிர்காலத் தொகுதிக்கான வரிகள் வீவி லூய்க் என்னும் கவிஞருடையவை. ஹைடன் விரிவாகச் சொல்வதை தோர்மிஸ் பாடல்களின் சுருக்கத்தாலேயே உணர்த்திவிடுகிறார்.

பெஞ்சமின் பிரிட்டனின் வசந்த சிம்பொனியில், 1949-இல் ஆம்ஸ்டர்டாமில் அரங்கேறிய படைப்பு அது, இறுதிப் பகுதியில் பெரியவர்களின் குழு ஒரு மெட்டில் ஆரவாரித்துக்கொண்டிருக்க, சிறுவர் குழு கோடையை வரவேற்கும் பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்றைக் குறுக்கே பாடிக்கொண்டு நுழைகிறது. 13-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கிடைத்த அந்தப் பாட்டு, நான்கு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே மெட்டைத் தொடங்கி, அடியில் இரண்டு குரல்கள் சிறு தொடரைத் திரும்பத்திரும்பப் பாடும் ஆறு குரல் அமைப்புடையது. ஏறத்தாழ 700 ஆண்டுகள் பழைய மெட்டைச் சிறுவர்களிடம் கொடுத்திருப்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

இசையமைப்பாளர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்ளும் வரிகள் எவை?

விவிலியத்தில் சங்கீதங்கள் எனப்படும் துதிப்பாடல்களில் 90-ஆம் சங்கீதத்தைத்தான் முதலில் சொல்லவேண்டும். ஆயிரம் ஆண்டுகள் இறைவனின் பார்வையில் நேற்றுக் கழிந்த நாளைப் போன்றவை, மனித ஆயுள் 70 ஆண்டுகள், பலமிருந்தால் 80, எங்கள் நாட்களை எண்ணிப்பார்க்க எங்களுக்குக் கற்றுக்கொடு என்னும் கருத்துகள் அதில் வருகின்றன. ஐசக் வாட்ஸ் இதைத் தழுவி எழுதி 1719-இல் வெளியிட்ட ஆங்கிலக் கீர்த்தனையில், காலம் ஓயாது புரண்டோடும் ஆறாக வந்து தன் பிள்ளைகளையெல்லாம் அடித்துச்செல்கிறது. அந்தக் கீர்த்தனை, வில்லியம் கிராஃப்ட் அமைத்ததாகக் கருதப்படும் 1708-ஆம் ஆண்டு மெட்டில் இன்றும் பாடப்படுகிறது.

இதே சங்கீதத்தை 1921-இல் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டபோது, சிறிய குழு ஒன்று சங்கீதத்தின் உரைநடை வரிகளைப் பாட, பெரிய குழு வாட்ஸின் கீர்த்தனையைத் தாழ்ந்த ஒலியில் உடன் பாடுமாறு அமைத்தார். மூல வரிகளும் அவற்றிலிருந்து பல நூற்றாண்டுகள் கழித்துப் பிறந்த வரிகளும் அருகருகே ஒலிக்கின்றன. அமெரிக்கரான சார்ல்ஸ் ஐவ்ஸ் 1920-களில் முடித்த தம் 90-ஆம் சங்கீதத்தில் வேறு வழியைத் தேர்ந்தார். ஆர்கன் என்னும் குழல் வாத்தியத்தின் தாழ்ந்த ஸி சுரம் அடியில் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்க, குழுவின் ஹார்மனி அதன்மேல் கலங்கி, நெரிந்து, மறுபடி தெளிகிறது. முடிவில் மணிகளும் கோங் என்னும் உலோகத் தட்டும் சேர்ந்துகொள்ளும் பக்கங்கள் அமைதியானவை. மூன்றையும் ஒரே அமர்வில் கேட்டால், வரிகளைவிட அமைப்பே பொருளைத் தீர்மானிக்கிறது என்று மேலே சொன்னது விளங்கும்.

இசையில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டவோ நிறுத்தவோ முடியுமா?

முடியும், அதற்கான முயற்சிகள் மிகப் பழையவை. 14-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கவிஞரும் இசையமைப்பாளருமான கியோம் த மாஷோ, என் முடிவே என் தொடக்கம் என்று தொடங்கும் மூன்று குரல் பாட்டொன்றை எழுதினார். அதில் ஒரு குரல் பாடும் மெட்டை இன்னொரு குரல் கடைசிச் சுரத்திலிருந்து முதற் சுரத்துக்குப் பின்னோக்கிப் பாடுகிறது. மூன்றாவது குரல் பாதிவழிவரை சென்று, வந்த வழியே திரும்பிவிடுகிறது. வெறும் காகிதக் கணக்கு என்று தோன்றலாம், கேட்டால் அது தெரியாது என்பதுதான் அதன் சிறப்பு.

15-ஆம் நூற்றாண்டில் யோகான்னஸ் ஒக்கெகெம் தம் பூசை இசை ஒன்றில் இதைவிடக் கடினமான வேலையைச் செய்தார். எழுதப்பட்ட மெட்டுகள் இரண்டுதான், பாடும் குரல்கள் நான்கு. ஒவ்வொரு மெட்டையும் இருவர் பார்த்துப் பாடுகின்றனர், ஆனால் ஒருவருக்கு இரண்டிரண்டாகவும் மற்றவருக்கு மும்மூன்றாகவும் எண்ணுமாறு வெவ்வேறு தாளக்குறிகள் இடப்பட்டிருப்பதால், ஒரே வரி இரண்டு வேகங்களில் நகர்கிறது. மூன்றெண்ணிக்கையான திஸ்ரத்திலும் நான்கெண்ணிக்கையான சதுஸ்ரத்திலும் ஒரே பல்லவியைப் பாடிப் பழகியவர்களுக்கு இதன் தன்மை எளிதில் பிடிபடும். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பது மட்டுமே வேறுபாடு.

நிறுத்துவதற்கு கியோர்கி லிகெட்டியின் லுக்ஸ் ஏட்டெர்னா, 1966-இல் எழுதப்பட்டது, சரியான எடுத்துக்காட்டு. 16 தனிக்குரல்கள் குழுக்குழுவாக ஒரே மெட்டைப் பாடுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட கால அளவில் நகர்வதால், எங்கும் தட்டெண்ண முடிவதில்லை. ஒரு குரல் எப்போது நுழைந்தது என்று செவிக்குத் தெரியாதபடி நுழையவேண்டும் என்பது அவருடைய கட்டளை. முடிவில் ஏழு தாள அளவுகள் வெறும் அமைதியாக எழுதப்பட்டிருக்கின்றன, அவற்றையும் எண்ணித்தான் முடிக்கவேண்டும். நார்வேயின் க்னுட் நீஸ்டெட் 1988-இல் வெளியிட்ட இம்மார்ட்டல் பாக் இதைவிட எளிமையானது, பலருக்கு இதைவிட நெருக்கமானதும்கூட. பாக் எழுதிய, இனிய மரணமே வா என்று அழைக்கும் பாட்டின் வரிகளைக் குழு முதலில் இயல்பாகப் பாடுகிறது. அடுத்து அதே சுரங்களை ஒவ்வொரு பிரிவும் வெவ்வேறு நீளத்தில் நீட்டிப்பிடிக்க, ஹார்மனிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றனர்.

ஒரு நாளின் நேரங்களுக்கென்று இசை உண்டா?

உண்டு. கிறிஸ்தவத் துறவு மடங்களில் நாளின் குறிப்பிட்ட வேளைகளில் சங்கீதங்களைப் பாடும் வழக்கம் 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்டின் ஒழுங்குநூலில் விரிவாக வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்த வேளைகளை ஒட்டி எழுந்த படைப்புகளில் செர்கேய் ராக்மானினோவின் முழு இரவு விழிப்பு வழிபாடு முதன்மையானது. 1915-இல் மாஸ்கோவில் பாடப்பட்ட இதில் 15 பகுதிகள், வாத்தியம் ஒன்றுகூட இல்லை. மாலை வழிபாட்டிலிருந்து காலை வழிபாட்டுக்கு நகரும் இந்த இசையின் ஐந்தாவது பகுதியில், மீட்பரான குழந்தை இயேசுவைப் பார்த்துவிட்ட முதியவர் சிமியோன், இனி என்னைப் போகவிடு என்கிறார். தாலாட்டைப் போல அசையும் குரல்கள் முடிவுக்கு வரும்போது, பாஸ் குரல்கள் படிப்படியாக இறங்கி, பெரும்பாலான மனிதர்களால் எட்டவே முடியாத பி-ஃப்ளாட் சுரத்தில் தங்குகின்றன. தம் இறுதிச்சடங்கில் இந்தப் பகுதி பாடப்படவேண்டும் என்று ராக்மானினோவ் விரும்பினார்.

இந்த இசை எல்லாமே சோகமானதுதானா?

இல்லை. பிரிட்டனின் வசந்த சிம்பொனியின் இறுதிப் பகுதியைக் கேட்டவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். நிலையாமையைப் பற்றிய இசைகூட எப்போதும் மெதுவாகவும் கனமாகவும் இருக்கவேண்டியதில்லை. மனித வாழ்வு மூடுபனியைப் போல எழுந்து மறைவது என்று பாடும் பாக்கின் 26-ஆம் எண் கன்டாட்டா, 1724-இல் எழுதப்பட்டது, வாத்தியங்களின் வேகமான ஓட்டங்களால் ஆனது. கேட்பதற்கு ஏறத்தாழ உற்சாகமாகவே இருக்கும்.

முதுமையைப் பாடும் படைப்புகள் ஒப்பளவில் குறைவு. அவற்றில் ஹங்கேரியரான ஸோல்தான் கொடாய் 1933-இல் எழுதிய முதியோர் என்னும் பாட்டைத் தவறவிடக் கூடாது. அதன் வரிகளை ஷாண்டோர் வோரெஷ் பதின்ம வயதில் எழுதினார் என்பது நம்புவதற்குக் கடினமான செய்தி. அந்த வயதுக்கே உரிய கூர்மையான கவனிப்பு அதில் இருக்கிறது.

பொருள் தெரியாத மொழியில் கேட்டால் பயன் உண்டா?

பயன் உண்டு, ஆனால் வரிகளின் மொழிபெயர்ப்பை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்பது நல்லது. கேட்கும்போது கையில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தேடவேண்டாம்.

பாடகர் குழுக்கள் இவற்றைப் பயிலும்போது எதில் கவனம் செலுத்தவேண்டும்?

மூச்சை மாற்றிமாற்றி எடுப்பதில்தான் முதலில் கவனம் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மூச்செடுக்கும்போது எடுக்காமல் இருப்பது, தாள அளவின் கோட்டிலோ வாக்கிய முடிவிலோ எடுக்காமல் நீண்ட உயிரொலியின் நடுவில் எடுப்பது, விட்ட அதே ஒலியில் தாழ்ந்த அளவில் மீண்டும் நுழைவது என்னும் மூன்றும் பழகிவிட்டால் எவ்வளவு நீண்ட சுரமும் பயமுறுத்தாது. பலர் மூச்சு முற்றிலும் தீரும்வரை காத்திருக்கின்றனர், அப்போது எடுக்கும் மூச்சு அரங்கம் முழுவதும் கேட்கும். பாதி மூச்சு மீதமிருக்கும்போதே எடுப்பதுதான் முறை.

வாத்தியமின்றி மெதுவான இசையைப் பாடும்போது சுருதி இறங்குவது எல்லாக் குழுக்களுக்கும் நேர்வது. நீளும் சுரத்தை அசையாத ஒன்றாக நினைத்துக்கொண்டு பாடினால் அது தொய்ந்துவிடும். உள்ளுக்குள் சிறிய அளவுகளில் எண்ணிக்கொண்டே பாடினால் சுருதியும் நிற்கும், காலப்பிரமாணமும் நிற்கும். பிராம்ஸின் ஊர்வலத்தை உணர்ச்சி மேலிட்டு மேலும்மேலும் மெதுவாக்கும் நடத்துநர்கள் உண்டு. நடை நின்றுபோன ஊர்வலத்தில் காலம் கடப்பதை எப்படி உணர்வது என்று எனக்கு விளங்குவதில்லை.

தமிழில் இத்தகைய சேர்ந்திசையை எழுதுவோர் கவனிக்கவேண்டியது என்ன?

குறிலையும் நெடிலையும் கவனிக்கவேண்டும். நீண்ட சுரத்தில் குறிலை வைத்தால் கல் கால் ஆகிவிடும், பல் பால் ஆகிவிடும், நான்கு குரல்கள் அதைச் சேர்ந்து பாடும்போது திருத்திக் கேட்கவும் வழியில்லை. நீளவேண்டிய இடங்களில் இயல்பாகவே நெடில் விழும் வரிகளைத் தேர்வதும், குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் இடங்களில் சிறிய தொடர்களை மட்டும் பயன்படுத்துவதும் பாதுகாப்பான வழி. நிலையாமையைப் பற்றிய வரிகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை, ஆனால் சொற்செறிவு மிகுந்த செய்யுளை அப்படியே பல குரல்களில் பிரித்தால் ஒரு சொல்லும் செவியில் விழாது.

இவற்றின் இசைத்தாள்கள் எங்கே கிடைக்கும்?

மாஷோ, ஒக்கெகெம், பாக், ஹைடன், பிராம்ஸ் ஆகியோரின் படைப்புகள் பதிப்புரிமைக் காலம் முடிந்து, யாரும் பயன்படுத்தக்கூடியவை. கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்னும் இணையதளத்தில் சேர்ந்திசைத் தாள்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தவற்றில் பிழைகள் இருக்கலாம் என்பதால் பயிற்சிக்கு முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 1976-இல் இறந்த பிரிட்டன், 2006-இல் இறந்த லிகெட்டி, 2014-இல் இறந்த நீஸ்டெட், 2017-இல் இறந்த தோர்மிஸ் ஆகியோரின் படைப்புகளுக்குப் பதிப்புரிமை நடப்பில் இருக்கிறது. ஆசிரியர் இறந்த பிறகு 70 ஆண்டுகள் என்று பல நாடுகளும், 50 அல்லது 60 ஆண்டுகள் என்று வேறு சில நாடுகளும் வரையறுத்திருக்கின்றன. உரிமையுள்ள படைப்புகளுக்குப் பதிப்பகத்திடமிருந்து குழுவின் எண்ணிக்கைக்கேற்பத் தாள்களை வாங்கவேண்டும், மேடையில் பாடுவதற்கான அனுமதியைத் தனியாகப் பெறவேண்டியிருக்கலாம்.